சதுப்புநிலக் காடு, அலையாத்தி, கண்டல்: எதை எழுதினால் மதிப்பெண்?

கொள்ளிடத்தான் · திங்கள், இரவு 9.40

ஏழாவது படிக்கும் மகளின் தேர்வுத்தாள் இன்று வீட்டுக்கு வந்தது. “பிச்சாவரத்தில் காணப்படும் காடு எவ்வகையைச் சேர்ந்தது?” என்று ஒரு மதிப்பெண் கேள்வி. “அலையாத்திக் காடு” என்று எழுதியிருக்கிறாள். மேலே சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்திலேயே “சதுப்புநிலக் காடு” என்ற திருத்தம்.

நாங்கள் இருப்பது சீர்காழி. பிச்சாவரம் பக்கத்து வீடு மாதிரி. சின்ன வயதிலிருந்து அந்தக் காட்டை நான் பார்க்கிறேன், ஆனால் அதை எந்தப் பெயரில் சொல்வது என்று இன்றைக்குத்தான் யோசித்தேன். அகராதியைத் திறந்தால் மூன்று, நான்கு சொற்கள் வரிசையாக நிற்கின்றன. செய்தித்தாள் ஒரு நாள் இப்படி எழுதுகிறது, மறுநாள் அப்படி எழுதுகிறது. இவை எல்லாம் ஒன்றுதானா? இல்லை, ஆளுக்கொரு பொருளா? அந்த ஒரு மதிப்பெண்ணுக்காகக் கேட்கவில்லை. (சரி, கொஞ்சம் அதற்காகவும்தான்.)

சும்மா_வந்தேன் · திங்கள், இரவு 9.58

“மாங்குரோவ் காடு” என்று எழுதியிருந்தால் யாரும் கை வைத்திருக்க முடியாது. அதுவும் பாடப்புத்தகத்தில் இருக்கிறதே. ஒரே குறை, என் பாட்டி அதைக் கேட்டுவிட்டு “எந்த ஊர் மாந்தோப்பு?” என்றார்.

பாடவேளை · திங்கள், இரவு 10.21

நானும் ஆசிரியைதான், அதனால் அந்த ஆசிரியர் பக்கம் கொஞ்சம் பேச விடுங்கள். நாற்பது தாள், கையில் விடைக்குறிப்பு, மறுநாள் காலைக்குள் கொடுத்தாக வேண்டும். குறிப்பில் இல்லாத சொல் கண்ணில் பட்டால் கை தானாகவே பெருக்கல் போட்டுவிடும். நானும் செய்திருக்கிறேன். பிற்பாடு வருந்தியும் இருக்கிறேன்.

அலையாத்தி என்று எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும், அதில் பேச்சே இல்லை. தாளை எடுத்துக்கொண்டு போய் நல்ல விதமாகக் கேளுங்கள்.

ஆனால் எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு. “சென்னைப் பள்ளிக்கரணையும் சதுப்புநிலம், பிச்சாவரமும் சதுப்புநிலக் காடு, அப்படியானால் பள்ளிக்கரணையில் படகு விடுவார்களா மிஸ்?” என்று ஒரு பையன் கேட்டான். அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். விஷயம் தெரிந்தவர்கள் விளக்கினால் நல்லது.

இலைநரம்பு · திங்கள், இரவு 11.47

தாவரவியல் படித்தவன், அதனால் கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பையன் கேட்டது சரியான கேள்வி. “சதுப்புநிலக் காடு” என்ற சொல்லின் ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கேயே விரல் வைத்திருக்கிறான். சதுப்பு என்றால் கால் புதையும் ஈரச் சேற்றுத் தரை. அது நன்னீரில் ஊறியதாகவும் இருக்கலாம், உப்புநீரில் ஊறியதாகவும் இருக்கலாம். பள்ளிக்கரணை பெரும்பாலும் கோரையும் சம்பும் வளரும் சதுப்பு, அங்கே காடு கிடையாது. இன்னொரு பக்கம், கேரளத்தில் கொல்லம் மாவட்டம் குளத்துப்புழா பக்கம் காட்டு ஜாதிக்காய் இனத்து மரங்கள் நிற்கும் சதுப்பு இருக்கிறது. மலையடிவாரம், நன்னீர், மரத்தடியில் முழங்கால் போல மடங்கி வெளியே வரும் வேர்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் “சதுப்புநிலக் காடு” என்ற பெயருக்கு முழு உரிமையும் அதற்குத்தான். கடலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பிச்சாவரத்தைப் பிச்சாவரமாக்குவது சேறு மட்டும் இல்லை, ஓதம். கடல்நீர் ஏறி இறங்க வேண்டும், வெள்ளாறும் கொள்ளிடமும் கொண்டுவரும் நன்னீர் அதோடு கலக்க வேண்டும். அந்த இடைவெளியில் பிழைக்கத் தெரிந்த மரங்கள்தான் ஆங்கிலத்தில் மாங்குரோவ்.

இன்னொன்று, மாங்குரோவ் என்பது ஒரு தாவரக் குடும்பத்தின் பெயர் இல்லை. “மீனவர்” என்கிற மாதிரி தொழிலால் வந்த பெயர். சுரபுன்னை ஒரு குடும்பம். வெண்கண்டல் நம் வேலியோர ஆடாதோடைக்கு உறவுக்காரன். தில்லையோ ஆமணக்கின் வகையறா. ஒன்றுக்கொன்று ஒட்டோ உறவோ இல்லாத மரங்கள் ஒரே சிக்கலுக்கு ஆளுக்கொரு வழி கண்டுபிடித்திருக்கின்றன. சுரபுன்னை உப்பைப் பெரும்பாலும் வேரிலேயே தடுத்துவிடும். வெண்கண்டல் உள்ளே விட்டு, இலை வழியாக வெளியே துப்பிவிடும். வெயில் நேரத்தில் அந்த இலையை உற்றுப் பார்த்தால் பொடி உப்பு மினுங்கும், நாக்கில் வைத்தால் கரிக்கும்.

வேரும் அப்படித்தான். சேற்றுக்குள் காற்று இல்லை, அதனால் வெண்கண்டல் பென்சில் நட்டுவைத்த மாதிரி ஆயிரக்கணக்கில் மூச்சுவேர்களை மேலே அனுப்பும். சுரபுன்னை பந்தல்கால் போல முட்டுவேர் ஊன்றும். அதன் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கி, நேரம் வந்ததும் கீழே விழும். சேற்றில் குத்தி நின்றால் அங்கேயே வளரும், தண்ணீரில் விழுந்தால் மிதந்துபோய் ஒதுங்குகிற இடத்தில் வளரும்.

ஆகவே என் தீர்ப்பு: “சதுப்புநிலக் காடு” தவறில்லை, தொளதொள சட்டை. உடம்பு உள்ளே போகும், அளவு பொருந்தாது.

மன்னார்க்கரை · செவ்வாய், காலை 6.15

இதில் இவ்வளவு சிக்கல் இருக்கிறதே எனக்கு இப்பதான் விளங்குது. இலங்கையில் எங்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. பாடப்புத்தகத்திலும் கண்டல் தாவரம், பேச்சிலும் கண்டல், பத்திரிகையிலும் கண்டற்காடு. மன்னாரிலிருந்து மட்டக்களப்பு வரைக்கும் அதே சொல்தான். நீங்கள் லகூன் என்கிறதுக்கும் எங்களிடம் கடனீரேரி இருக்கு, களப்பு இருக்கு, மட்டக்களப்பார் வாவி என்பினம்.

“சதுப்புநிலக் காடு” என்ற சொல்லை நான் முதலில் கேட்டது தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில். ஏதோ முதலை இருக்கிற இடம் எண்டு நினைச்சன்.

வளவன்_77 · செவ்வாய், காலை 8.02

அலையாத்தியை யாரும் விட்டுக்கொடுக்காதீர்கள். இதைவிட அழகான சொல் கிடைக்காது. அலை + ஆற்றி. “ஆற்றி” பேச்சில் “ஆத்தி” ஆகிவிட்டது, அவ்வளவுதான். காற்று காத்தாகவில்லையா, சேற்றில் சேத்தில் ஆகவில்லையா, அதே கணக்கு.

காலையில் அம்மா டம்ளரிலிருந்து டவராவுக்கும் டவராவிலிருந்து டம்ளருக்கும் காப்பியை ஆத்துகிறாரே, அதே ஆத்துதல்தான் இது. கொதித்து வருவதைத் தணித்துக் குடிக்கும் பதத்துக்குக் கொண்டுவருவது. பசியாற்றுவது, புண்ணை ஆற்றுவது, கோபம் ஆறுவது எல்லாம் ஒரே குடும்பம். கொதித்து வரும் அலையைத் தணித்து அனுப்புகிற காடு. ஆங்கிலப் பெயரில் இந்த அறிவு உண்டா? சுனாமி வந்த பிறகு உலகம் கண்டுபிடித்ததை நம் சொல் எப்போதோ சொல்லிவிட்டது.

ஒரு_மாற்றுக்கருத்து · செவ்வாய், காலை 10.30

காப்பி நன்றாக இருந்தது. ஆனால் இரண்டு இடத்தில் உங்களோடு உடன்பட முடியவில்லை.

முதலில் சொல். ஆத்தி என்று ஒரு மரமே இருக்கிறது, சோழர் சூடிய ஆத்திப் பூ அதிலிருந்து வந்ததுதான். ‘காட்டாத்தி’யில் வருவதும் அந்த ஆத்திதான். அலை வரும் இடத்து ஆத்தி அலையாத்தி என்று ஒருவர் சொன்னால், இலக்கணப்படி நீங்கள் எப்படி மறுப்பீர்கள்? ற்ற → த்த மாற்றம் நடக்கக்கூடியதுதான், ஒப்புக்கொள்கிறேன். நடக்கக்கூடியது என்பதும் நடந்தது என்பதும் ஒன்றில்லை. சிலர் “அலையாற்றிக் காடு” என்று அச்சிலேயே திருத்தி எழுதுவதையும் பார்க்கிறேன். வேர் உறுதியாகும் முன்பே எழுத்தைத் திருத்துவது அவசரம்.

அடுத்தது சுனாமி. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, பிச்சாவரம் பக்கத்துக் கடலோரத்தில் 18 குடியிருப்புகளின் சேதத்தை ஒப்பிட்டு 2005இல் ஓர் ஆய்வு வந்தது. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பின என்றது. மறு ஆண்டே அதே தரவை எடுத்து வேறு சிலர் மறுப்பு எழுதினார்கள். அந்த ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் மேட்டிலும் இருந்தன, தூரமும் உயரமுமே பெரும்பாலும் காரணம், காட்டுக்கு அவ்வளவு பங்கு கொடுக்க முடியாது என்றார்கள். அந்த வழக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை.

சாதாரணக் காற்றலை விஷயத்தில் சண்டை இல்லை. 100 மீட்டர் அகலக் காடு அலையின் உயரத்தை 13 முதல் 66 சதவீதம் வரை குறைக்கும் என்று கணக்கு இருக்கிறது. சுனாமி வேறு ஜாதி. அழகான பெயர் இருக்கிறதே என்பதற்காக ஊரைக் காட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது.

வளவன்_77 · செவ்வாய், காலை 10.51

சோழர் ஆத்திக்கும் உப்புத் தண்ணீருக்கும் என்ன உறவு? இலை கூட ஒன்று போல இருக்காது. ஊர்க்காரன் ஒப்புமை இல்லாமல் பெயர் வைக்க மாட்டான்.

சுனாமி விஷயத்தில் ஒரு படி இறங்கி வருகிறேன். “தணிக்கும்” என்றுதான் சொன்னேன், “தடுக்கும்” என்று சொல்லவில்லை.

ஒரு_மாற்றுக்கருத்து · செவ்வாய், காலை 10.58

நாய்க்கடுகுச் செடிக்கும் நாய்க்கும் உள்ள ஒப்புமையை விளக்கிவிட்டு வாருங்கள், மிச்சத்தைப் பேசலாம்.

கோரையாறு · செவ்வாய், மதியம் 1.10

முத்துப்பேட்டைக்காரன் வந்திருக்கிறேன். தமிழ்நாட்டில் பெரிய காடு எங்களுடையது என்பதால் பேச உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். :)

அலையாத்தி என்ற சொல் எங்கள் பக்கம் இப்போது கடைப்பலகை வரை வந்துவிட்டது. படகுத்துறை, சுற்றுலா, வனத்துறை அறிவிப்பு, எல்லாவற்றிலும் அலையாத்திதான். ஆனால் என் பெரியப்பா வலைக்குப் போனவர், அவர் வாயில் அதை ஒரு நாளும் நான் கேட்டதில்லை. மரத்தைச் சொல்லும்போது கண்டா மரம் என்பார், நரிக்கண்டல் என்பார், தில்லை என்பார். தில்லை என்றால் உடனே ஒரு எச்சரிக்கையும் சேர்ந்து வரும்: “பாலு கண்ணுல பட்டுச்சுன்னா பார்வை போயிடும்டா.” கிளை ஒடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது எங்களுக்குப் பிறவிப் பழக்கம். கரையேறினால் கழுதைமுள்ளி, அதையும் தாண்டினால் உமரி. உமரி சிவந்து கிடந்தால் அந்த இடத்தில் உப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம்.

எங்கள் காட்டில் பெரும்பகுதி ஒரே மரம்தான், இலைநரம்பு சொன்ன அந்த வெண்கண்டல். பிச்சாவரத்தில் வாய்க்கால் ஓரம் நிற்கும் சுரபுன்னைச் சந்து, அதில் படகு நுழைகிற மாதிரியான படம், முத்துப்பேட்டையில் கிடைக்காது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததில் வருகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். “பிச்சாவரம் மாதிரி இல்லையே” என்று முகம் சுளித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு முன்னால் விரிந்து கிடக்கிற காயல் கண்ணில் படவே இல்லை.

கஜா புயல் (2018 நவம்பர் 16) அடித்த பிறகு பல மாதம் காடு காய்ந்த விறகுக்கட்டு மாதிரி நின்றது. அப்போது ஊரில் யாரும் “அலையாத்தி போச்சு” என்று சொல்லவில்லை. “கண்டா எல்லாம் பட்டுப்போச்சு” என்றார்கள்.

பழஞ்சொல் · செவ்வாய், மாலை 5.33

கோரையாறு எழுதியதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ‘கண்டா’ என்று உங்கள் பெரியப்பா சொல்வது ‘கண்டல்’ தேய்ந்தது. அந்தச் சொல்லின் வயதை யோசித்துப் பாருங்கள். நற்றிணை 207ஆம் பாட்டு “கண்டல் வேலி” என்றுதான் தொடங்குகிறது. கழி சூழ்ந்த தோட்டம், அதற்குக் கண்டல் வேலி. நெய்தல் நிலத்து ஊர் ஒன்றைக் காட்ட வேண்டும் என்றால் புலவனுக்கு முதலில் கண்ணில் படுவது அந்த வேலி. வளவன் அவர்கள் கொண்டாடும் காவல் அறிவு அலையாத்தியில் இருக்கலாம், ஆனால் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே ‘வேலி’யில் வந்துவிட்டது.

ஒரு சிக்கலையும் மறைக்கக் கூடாது. அகராதியில் கண்டலுக்குத் தாழை என்றும் பொருள் போட்டிருக்கிறது. பழைய பாட்டில் எந்தக் கண்டல் எந்த மரம் என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்துத்தான் சொல்ல முடியும். “சங்க இலக்கியத்திலேயே மாங்குரோவ் இருக்கிறது” என்று எல்லா வரிக்கும் முத்திரை குத்துகிறவர்களிடம் நான் சேர மாட்டேன்.

மலையாளத்திலும் இதே கண்டல்தான். கண்ணூர்ப் பக்கம் வாழ்நாள் முழுக்கக் கண்டல் நட்ட கல்லேன் பொக்குடனை ஊரே ‘கண்டல் பொக்குடன்’ என்றது, 2015இல் காலமானார். இன்னொரு வேடிக்கை: 17ஆம் நூற்றாண்டில் கொச்சியில் இருந்த டச்சு அதிகாரி வான் ரீடு மலபார்த் தாவரங்களைத் தொகுத்தபோது ‘செறுகண்டல்’ என்ற உள்ளூர்ப் பெயரை அப்படியே லத்தீன் எழுத்தில் பதிந்துவிட்டார். பின்னால் அதுவே தாவரவியல் பெயரானது. கண்டேலியா கண்டெல். பேரினமும் கண்டல், சிற்றினமும் கண்டல்! உலகத்துத் தாவரவியலாளர் எல்லாம் தினமும் இந்தச் சொல்லை உச்சரிக்கிறார்கள், நாம்தான் சொல் இல்லை என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

தில்லைக்கும் ஒரு வார்த்தை. சிதம்பரத்தின் பழம்பெயரே அந்த மரம்தான், கோயிலுக்குத் தலமரமும் அதுதான். ஊருக்குள் இப்போது தில்லை மரத்தைத் தேடினால் கிடைக்காது, பிச்சாவரம் போக வேண்டும். ஒரு காலத்தில் உப்பங்கழி எங்கே வரை வந்தது என்பதற்கு ஊர்ப் பெயரே ஒரு தடயமோ என்று எனக்குத் தோன்றும். தோன்றுகிறது என்று மட்டும்தான் சொல்கிறேன்.

சும்மா_வந்தேன் · செவ்வாய், மாலை 6.05

உப்பங்கழி என்றதும் நினைவு வந்தது. ஓதமும் கழியும்தான் முக்கியம் என்றால் பேசாமல் “கழிக்காடு” என்று வைத்துவிடலாமே?

பாடவேளை · செவ்வாய், மாலை 6.11

வேண்டாம் ஐயா. மறுநாளே கழிவுக்காடு என்று நினைத்துக் குப்பை லாரியைத் திருப்பிவிடுவார்கள்.

மன்னார்க்கரை · செவ்வாய், இரவு 8.44

பெயர் ஒன்றாக இருந்தால் எல்லாம் சரி எண்டும் இல்லை. எங்கட கதையைச் சொல்லுறன்.

சுனாமிக்குப் பிறகு இலங்கை முழுக்கக் கண்டல் நடுகிற வேலை மும்முரமாக நடந்தது. பிள்ளைகள் வரிசையாக நிண்டு நட்டார்கள், படம் எடுத்தார்கள். பிறகு 23 இடங்களில் போய்க் கணக்கெடுத்த ஆய்வு 2017இல் வந்தது. 1000 – 1200 எக்டேர் நட்டதில் தேறியது 200 – 220 எக்டேர்தான். பல இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. முக்கிய காரணம் என்ன தெரியுமோ? பெரும்பாலும் நட்டது சுரபுன்னை இனம். அந்த முருங்கைக்காய் மாதிரி விதையைக் கையில் எடுத்துச் சேற்றில் குத்தினால் போதும், நடுவதற்குச் சுகம், படத்துக்கும் வடிவு. அந்த இடத்தின் உப்பு என்ன, தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கும், அங்கே முன்னம் என்ன மரம் நிண்டது எண்டு பார்க்கவில்லை.

“கண்டல் நடுகிறோம்” எண்டால் எந்தக் கண்டல் எண்டு ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. பொதுச்சொல்லின் வில்லங்கம் அது. கோரையாற்றின் பெரியப்பா மாதிரி ஆள் பக்கத்தில் நிண்டிருந்தால் “இது நரிக்கண்டல் நிக்கிற இடம், இதில போய் சுரபுன்னையைக் குத்துறியளே” எண்டு ஏசியிருப்பார்.

இலைநரம்பு · செவ்வாய், இரவு 10.20

மன்னார்க்கரை சொன்னதற்கு மறுபக்கம் பிச்சாவரத்தில் நடந்திருக்கிறது.

ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை அங்கே காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். வெட்டினால் மறுபடி முளைக்கும் என்பது கணக்கு. ஆனால் மேல்மரம் போனதும் தரை வெயிலில் காய்ந்து, இறுகி, தட்டுப் போல நடுவில் குழிந்துவிட்டது. ஓதத்தில் ஏறிய நீர் அந்தக் குழியில் தேங்கும், வடிய வழியில்லை, வெயிலில் ஆவியாகும், உப்பு மட்டும் தங்கும். மறுபடி நீர், மறுபடி உப்பு. கடைசியில் கண்டலே தாங்க முடியாத உப்பு. பல ஆண்டு வெறுந்தரையாகக் கிடந்தது. மாடு மேய்ந்ததால்தான் காடு அழிந்தது என்று வெகுநாள் உள்ளூர் ஆட்கள் மேல் பழி.

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து செய்தது எளிமையானது. மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். ஓதம் உள்ளே போனது, உப்பைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தது. அதற்குப் பிறகுதான் கன்று. முத்துப்பேட்டையிலும் இதையே செய்தார்கள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், சொல் விஷயம் இங்கேதான் கடிக்கிறது. “சதுப்புநிலக் காடு” என்று மனதில் பதிந்துவிட்டால், தண்ணீர் தேங்கி நிற்பது நல்லது என்றுதான் தோன்றும். சதுப்பென்றால் தேங்குவதுதானே! இந்தக் காட்டைக் கொன்றதே தேங்கிய தண்ணீர். ஏறுவதும் வடிவதும்தான் இதற்கு உயிர். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரிடம் ஒரு முறை கேட்டேன், அத்தனை பேரும் “தண்ணீர் தேங்க வேண்டும்” என்றார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, சொல் அப்படிச் சொல்கிறது.

அதனால் முன்பு சொன்ன தீர்ப்பைத் திருத்துகிறேன். தொளதொள சட்டை இல்லை, வேறொருவன் சட்டை.

ஒரு_மாற்றுக்கருத்து · புதன், காலை 7.50

இது எனக்குப் புதிது. ஏற்கிறேன்.

ஆனால் ஆங்கிலத்திலும் இந்தக் குழப்பம் உண்டு என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாங்குரோவ் என்றால் மரமா, காடா? இரண்டுக்கும் அதே சொல். 1968இல் மேக்நே என்ற ஆய்வாளர் மரத்துக்கு மாங்குரோவ், காட்டுக்கு ‘மாங்கல்’ என்று பிரித்து வைத்துப் பார்த்தார். ஆய்வுக் கட்டுரைகளில் சிலர் எழுதினார்கள், ஊர் ஏற்கவில்லை. நமக்கோ கண்டல் மரம், கண்டற்காடு என்று தானாகவே பிரிந்து கிடைக்கிறது.

சும்மா_வந்தேன் · புதன், காலை 8.20

நான் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவன். ஜூலை 26 வந்தால் “உலக ______ தினம்” என்று ஒரு கட்டுரை நிச்சயம் மேசைக்கு வரும். யுனெஸ்கோ அறிவித்த நாள், தப்ப முடியாது. அந்தக் கோடிட்ட இடத்தில் என்ன போடுவது? தத்துவம் போதும், தீர்ப்பு வேண்டும்.

இலைநரம்பு · புதன், காலை 9.05

நான் போடுவது “கண்டற்காடுகள் தினம்”. முதல் முறை வரும் இடத்தில் “அலையாத்தி என்றும் சொல்லப்படும்” என்று ஒரு அரை வரி. தமிழ்நாட்டு வாசகருக்கு அலையாத்தி காதில் விழுந்த சொல், அதை விரட்ட வேண்டியதில்லை. மரம் தனியாக வரும் இடத்தில் பொதுச்சொல் போடவே மாட்டேன். சுரபுன்னை என்றால் சுரபுன்னை, தில்லை என்றால் தில்லை. பிச்சாவரத்தில் இரண்டு சுரபுன்னை இனம் கலந்து பிறந்த மரத்துக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரால் ‘அண்ணாமலயானா’ என்று அறிவியல் பெயர் வைத்திருக்கிறார்கள். அதைப் போய் “ஒரு வகை சதுப்புநிலத் தாவரம்” என்று எழுதினால் அந்த மரமே கோபித்துக்கொள்ளும்.

வளவன்_77 · புதன், காலை 9.30

நான் அலையாத்திதான் போடுவேன், அரை வரியில் கண்டலைச் சேர்த்துக்கொள்கிறேன். சண்டை முடிந்தது.

கோரையாறு · புதன், காலை 9.41

முடியவில்லை. முத்துப்பேட்டை பற்றிக் கட்டுரை வந்தால் பிச்சாவரம் படத்தைப் போடாதீர்கள். மெய்ப்புத் திருத்துபவர் கவனத்துக்கு.

கொள்ளிடத்தான் · ஞாயிறு, இரவு 9.15

நான் ஆரம்பித்த இழை, நானே காணாமல் போய்விட்டேன். மன்னிக்கவும். எல்லாவற்றையும் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். “அப்போ போய்ப் பார்ப்போம்” என்றாள். இன்று காலை வண்டியில் கிளம்பிவிட்டோம், பிச்சாவரத்துக்கு.

துடுப்புப் படகு. ஓட்டியவருக்கு அறுபது வயது இருக்கும். சுரபுன்னைச் சந்துக்குள் நுழைந்ததும் வெளிச்சம் பச்சையாகிவிட்டது, இரு பக்கமும் முட்டுவேர் வளைவுகள், அதில் சின்னச் சின்ன நண்டுகள் ஏறி இறங்கின. தண்ணீர் வடிகிற நேரம் என்பதால் வேரில் ஈரக்கோடு ஒரு முழம் மேலே தெரிந்தது. “அதுவரைக்கும் ஏறிட்டு இறங்கியிருக்கு” என்று அவர் துடுப்பால் காட்டினார். கொஞ்சம் தள்ளி இருளர் நான்கு பேர் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மகள் கேட்டுக்கொண்டே வந்தாள், அவர் சளைக்காமல் சொன்னார். இது சுரபுன்னை, அது வெண்கண்டல், அந்தப் பக்கம் கையை நீட்டாதே பாப்பா, தில்லை. வெண்கண்டல் இலை ஒன்றைப் பறித்துக் கொடுத்தார். நக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள், பிறகு இன்னொரு தரம் நக்கினாள். நானும்தான். ஊறுகாய் ஜாடியின் மூடியை நக்கிய மாதிரி ஒரு கரிப்பு.

கடைசியில் அவள் நேராகவே கேட்டுவிட்டாள். “தாத்தா, இந்த மொத்தக் காட்டுக்கும் என்ன பேரு?”

“காடுதான். வேற என்ன பேரு?”

“சதுப்புநிலக் காடுன்னு சொல்ல மாட்டீங்களா?”

அவர் துடுப்பை நிறுத்தி யோசித்தார். “சதுப்பு நிலமா? அது மெட்ராஸ்ல இல்ல இருக்கு?”

பாடவேளை · ஞாயிறு, இரவு 9.32

சிரித்து முடியவில்லை. அது சரி, மதிப்பெண் என்ன ஆயிற்று?

கொள்ளிடத்தான் · ஞாயிறு, இரவு 9.40

வெள்ளிக்கிழமை நீங்கள் சொன்ன மாதிரி நல்ல விதமாகத்தான் கேட்டேன். ஆசிரியர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அரை மதிப்பெண் போட்டார். மிச்சம் அரை எதற்குக் குறைந்தது என்று கேட்டேன். அலையாத்திக்குப் பிறகு ‘க்’ விட்டிருக்கிறாளாம். பார்த்தேன், உண்மைதான்.

வளவன்_77 · ஞாயிறு, இரவு 9.44

அந்த அரை மதிப்பெண்ணுக்கு நான் வாதாட மாட்டேன்.